இரண்டு நாற்பதுக்குச் சொன்னது

பலதுறைத் தொழிற்கல்லூரியில் விரிவுரையாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வகுப்பைக் கட்டுக்குள் வைத்திருப்பது பற்றி நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். இருக்கைகளை எப்படிப் போடுவது, கைப்பேசியை என்ன செய்வது, தாமதமாக வருகிறவர்களை எப்படிக் கையாள்வது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் வந்துவிடும். நான் ஒரே ஒரு பருவத்தில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். உங்களில் தமிழ் பேசுகிறவர்கள் சிலர் இருக்கிறீர்கள். இந்தத் தவறைச் செய்ய உங்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

எனக்கு எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. பருவத்துக்கு ஒரு நோட்டு. எந்த வாரம், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு எந்தப் பகுதியை நடத்தினேன், யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் எத்தனை நிமிடம் தாமதம் எல்லாம் அதில் இருக்கும். பழைய கப்பல் நாட்குறிப்புகளைத் தேடிப் படித்து வந்த பழக்கம் இது. அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். அங்கே வந்துபோன கப்பல்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கி, தேசிய நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்த நாட்குறிப்புகளில் காற்றின் திசை இருக்கும், மணி இருக்கும், கப்பல் நின்ற இடம் இருக்கும். மேல்தளத்தில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பது இருக்காது. என் நோட்டும் அப்படித்தான் இருந்தது. அதில் குறை இருப்பதாக எனக்குப் பல வருடங்கள் தோன்றவில்லை.

நான் சொல்லும் பருவம், முகக்கவசங்களைக் கழற்றிவிட்டு எல்லோரும் வகுப்பறைக்குத் திரும்பிய பிறகு வந்த ஒன்று. பொறியியல் இரண்டாம் ஆண்டு, இயக்கவியல் பாடம். இருபத்து மூன்று பேர். அதில் தமிழ்ப் பையன் ஒருவன், தினேஷ். ஈசூனில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கிலிருந்து நான்கு பேருந்து நிறுத்தம் தள்ளி இருந்தான். இந்தப் பாடத்தில் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தான். மூன்றாவது முறையும் தோற்றால் படிப்பை விட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், மூன்றாவது முறையாக உட்கார்ந்திருக்கிறான் என்பதால் வகுப்புக்கே தெரியும்.

மூன்றாம் வாரம் புதன்கிழமை இருபத்தைந்து நிமிடம் தாமதமாக வந்தான். கதவைத் திறந்து நின்றவனைப் பார்த்ததும் எனக்கு வாயில் தமிழ்தான் வந்தது.

"மணி என்னப்பா? மூணாவது தடவை உக்காந்திருக்க. உனக்கே பயமா இல்லையா? போய் உக்காரு."

இருபத்திரண்டு பேர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தினேஷ் தலையைக் குனிந்துகொண்டு இரண்டாம் வரிசைக்குப் போனான். அன்றைக்கு நான் என்னை மெச்சிக்கொண்டேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இவன் இரண்டு முறை தோற்றதை ஆங்கிலத்தில் சொல்லாமல் தமிழில் சொன்னேன், அவன் மானத்தைக் காப்பாற்றினேன் என்று நினைத்தேன்.

மூன்றாம் வரிசையில், நடைபாதையை ஒட்டிய இருக்கையில், ஹுவி மின் என்ற பெண் இருந்தாள். வகுப்புப் பிரதிநிதி. அதிகம் பேசமாட்டாள், பேசினால் சுற்றி வளைக்கமாட்டாள். வகுப்பு முடிந்ததும் மேசைக்கு வந்தாள். இனி வரும் ஆங்கிலப் பேச்சை எல்லாம் நான் தமிழில்தான் தருகிறேன்.

"சார், அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"அது எங்களுக்குள்ள."

"ஓகே" என்றாள். போய்விட்டாள்.

'எங்களுக்குள்ள' என்ற சொல்லை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் அன்று கவனிக்கவில்லை. நோட்டில் 'தினேஷ், 25 நிமிடம் தாமதம், கண்டித்தேன்' என்று எழுதிவிட்டு மூடினேன்.

எட்டாம் வாரம் வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு இடைப்பருவத் தேர்வு. பாடத்தின் மதிப்பெண்ணில் அதற்குப் பெரும் பங்கு. அதில் பூஜ்யம் வாங்கினால் பிறகு எவ்வளவு எழுதினாலும் கரையேற முடியாது. ஐந்து கேள்விகள், ஒன்றரை மணி நேரம். தாளைத் தயாரித்தவன் நான், அறையில் மேற்பார்வை பார்த்தவனும் நான்தான். முதல் இரண்டு கேள்விகள் கொஞ்சம் கடினமானவை. மூன்றாவது எளியது, மதிப்பெண்ணும் அதற்குத்தான் அதிகம். அடுக்கியதில் எந்தத் திட்டமும் இல்லை, அப்படி அமைந்துவிட்டது.

இரண்டரைக்கு அறையின் முன்னாலிருந்து பார்த்தேன். தினேஷின் பேனா மேசைமேல் கிடந்தது. விரல்களைக் கோத்து வாயில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். குளிரூட்டி ஓடும் அறையில் கழுத்து வியர்த்திருந்தது. நான் அறையைச் சுற்றி நடந்தேன். பின்பக்கம் போய், நடுவில் உள்ள நடைபாதை வழியாக முன்னே வந்தேன். அப்போதும் அவன் எழுதவில்லை. அவன் பக்கத்தில் நின்று குனிந்தேன். மெல்லிய குரலில் தமிழில் பேசினேன். பத்து விநாடி இருக்கும். பிறகு முன்னால் போய் நின்றேன். அவன் பேனாவை எடுத்தான், தாளைத் திருப்பினான், எழுதத் தொடங்கினான். மணி அடிக்கும் வரை நிறுத்தவில்லை.

நோட்டில் எழுதினேன்: '2.40. தினேஷிடம் பேசினேன்.'

மறுநாள் வெள்ளி காலை ஒன்பதரைக்குப் பாட ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், சீனப் பெண்மணி. பெயர் எழுதவில்லை, அவருக்குப் பிடிக்காது. கதவைச் சாத்திவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். ஹுவி மின் அனுப்பிய மின்னஞ்சல். நான்கே வரிகள்: இரண்டு நாற்பதுக்குச் சார் தினேஷிடம் போய் ஏறத்தாழ பத்து விநாடி தமிழில் பேசினார். அதற்கு முன் தினேஷ் எழுதவில்லை, அதற்குப் பின் எழுதினான். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

குற்றச்சாட்டு என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. பார்த்ததை எழுதியிருந்தாள், தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருந்தாள். நேரம்கூட என் நோட்டோடு ஒத்துப் போயிற்று.

"என்ன சொன்னீங்க?" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"மூச்சு விடச் சொன்னேன். பையன் பயத்துல உறைஞ்சு போயிருந்தான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் முகத்தில் இறுக்கம் குறைந்தது. "நல்லது. அதையே எழுதிக் குடுத்துடுங்க, திங்கக்கிழமை பன்னண்டு மணிக்குள்ள. அவனையும் தனியா எழுதித் தரச் சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் இதைப் பத்திப் பேசிக்காதீங்க. உங்க நோட்டைப் பார்க்கலாமா?"

நோட்டு எப்போதும் கையில் இருக்கும் என்பது துறைக்கே தெரியும். கொடுத்தேன். தமிழில் எழுதியிருந்த அந்த வரியை என்னையே படித்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"நேரம் இருக்கு" என்றார். "வார்த்தை இல்ல."

மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்ல எனக்கு ஆசைதான். மறக்கவில்லை. நான் தினேஷிடம் சொன்னது இது: "தம்பி, மூச்சு விடு. முதல் ரெண்டையும் விட்டுட்டு மூணாவதுலேருந்து ஆரம்பி." தாளைத் தயாரித்தவன், எளிய கேள்வி எது என்று தெரிந்தவன், இருபத்து மூன்று பேரில் ஒருவனுக்கு மட்டும் அதைச் சொல்லியிருக்கிறேன். தேர்வறையில் எதைச் சொன்னாலும் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதை உங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். ஒருங்கிணைப்பாளர் கேட்டபோது வாக்கியத்தின் முதல் பாதி வெளியே வந்தது. மறு பாதி வரவில்லை. யோசித்து மறைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அவ்வளவு வேகமாக நடந்தது.

அன்று முழுவதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வாக்கியம் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். நான் முழுதும் எழுதினால் அவன் விடைத்தாள் செல்லாது, அது பூஜ்யமாகலாம், அத்தோடு அவன் படிப்பு முடிந்தது. நான் பாதி எழுதி அவன் முழுதும் எழுதினால் நான் பொய்யன். நான் முழுதும் எழுதி அவன் பாதி எழுதினால் அவன் பொய்யன், படிப்போடு சேர்ந்து பெயரும் போகும். இருவரும் பாதி எழுதினால் எல்லோரும் நலம். அதற்கு நாங்கள் பேசிக்கொள்ளக்கூட வேண்டாம். அவன் கெட்டிக்காரன், தனக்கு எது நல்லது என்று யோசிக்கத் தெரிந்தவன்.

சனிக்கிழமை காலை வழக்கம்போல் தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனேன். வாங்கிவிட்டு, சட்டை ஒன்றின் கையைக் குறைக்க வேண்டியிருந்ததால் மேல்மாடிக்கு ஏறினேன். எப்போதும் கொடுக்கும் தையல் கடையில் ஆள் இல்லை. இரண்டு கடை தள்ளி ஒரு பெண் தையல் இயந்திரத்திலிருந்து எழுந்து நின்றார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"சார், நீங்க தினேஷோட சார்தானே? போன வருஷம் காலேஜ் ஓபன் ஹவுஸ்ல பாத்தேன். நான் அவன் அம்மா."

அவர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"இதைப் பத்தி நான் பேசக் கூடாதும்மா. ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க."

"நீங்க பேச வேணாம் சார். நான் பேசறேன், நீங்க சட்டைக்கு அளவு குடுங்க." சட்டையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "எவ்வளவு குறைக்கணும்?"

"ஒரு இன்ச்."

"புள்ள நேத்துலேருந்து சாப்பிடல. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து எழுதறான், அழிக்கறான். என்னடா சொன்னாரு சாருன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறான்." ஊசிகளை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தினார். "அவங்கப்பா இருந்தவரைக்கும் படிப்பு படிப்புன்னு உசிர விட்டாரு. நான் இங்லீஷ்ல ஒரு லெட்டர் எழுதத் தெரியாதவ. எனக்கு ஒண்ணுதான் தெரியும். நீங்க அவனுக்கு நல்லதுதான் சொல்லியிருப்பீங்க."

நான் மீன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

"அங்க யாருக்கும் தமிழ் தெரியாது இல்ல?" என்றார்.

"தெரியாது."

"அப்ப தமிழ்ல சொன்னது தமிழ்லயே இருக்கட்டும் சார். நமக்குள்ள."

மிரட்டவில்லை, அழவில்லை, சட்டைக் கையை மடித்து எனக்குக் காட்டிக்கொண்டே சொன்னார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அந்த இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் பழக்கமான வார்த்தையாக இருந்தது. மூன்றாம் வாரம் ஹுவி மின்னிடம் நானே சொன்ன வார்த்தை.

"சட்டை எப்ப கிடைக்கும்?" என்றேன். வேறெதுவும் சொல்ல எனக்கு உரிமை இருக்கவில்லை. உண்மையை எழுதச் சொல்லுங்கள் என்று சொன்னால்கூட அது அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததாகிவிடும்.

"புதன்கிழமை வாங்க" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை தேவாலயத்தில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். முதல் படி இரண்டு பக்கம். பையனின் நிலை, அவன் அப்பா இறந்தது, என் முப்பது வருட அனுபவம் எல்லாம் அதில் இருந்தது. வாக்கியத்தின் மறு பாதி எங்கோ இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒளிந்துகொண்டிருந்தது. கிழித்தேன். இரண்டாம் படியில் 'மூச்சு விடச் சொன்னேன், சில பொதுவான ஆலோசனைகளும் கூறினேன்' என்று இருந்தது. அதை ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தேன். பொய் என்று யாரும் சொல்ல முடியாத வரி. நீங்களும் ஒரு நாள் அப்படி ஒரு வரியை எழுதுவீர்கள். எழுதும்போது கை ரொம்ப லேசாக இருக்கும், அதுதான் அடையாளம். அதையும் கிழித்தேன்.

மூன்றாவது படி ஆறு வரி. நான் சொன்ன தமிழ் வாக்கியம், அதன் கீழே ஆங்கிலம், மூன்றாவது கேள்வி எளியது என்று எனக்குத் தெரியும் என்ற ஒரு வரி, மாணவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை என்ற ஒரு வரி, வெள்ளிக்கிழமை நான் உங்களிடம் பாதிதான் சொன்னேன் என்ற ஒரு வரி. கையெழுத்து.

அவன் பாதி எழுதியிருந்தால் இந்த ஆறு வரியால் அவனை நான் ஒழித்துவிடுவேன் என்று தெரிந்தேதான் எழுதினேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

திங்கள் பத்து நாற்பதுக்குக் கொடுத்தேன். ஒருங்கிணைப்பாளர் படித்தார். மறுபடி படித்தார். கடைசிக்கு முந்திய வரியில் விரல் நின்றது.

"வெள்ளிக்கிழமை ஏன் சொல்லல?"

"பயம்."

"அவனுக்காகவா, உங்களுக்காகவா?"

"பிரிச்சுப் பார்த்தேன். பிரியல."

இழுப்பறையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்து என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். தினேஷ் எழுதியது. ஞாயிறு பிற்பகலே அனுப்பியிருந்தான். நான் சொன்ன தமிழ் வாக்கியத்தை ஆங்கில எழுத்தில் எழுதி, அடியில் பொருள் எழுதியிருந்தான். மூச்சு விடு என்பதும் இருந்தது, மூணாவதுலேருந்து ஆரம்பி என்பதும் இருந்தது. ஒரு சொல் மாறவில்லை. கீழே இன்னும் இரண்டு வரி: நான் சாரிடம் எதுவும் கேட்கவில்லை. சார் வகுப்பில் என்னிடம் தமிழில் பேசும் ஒவ்வொரு முறையும் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், அதை அவர் நிறுத்தினால் நன்றாக இருக்கும்.

நான் அவன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன் அல்லவா. அந்த வரியைப் படித்தபோது அறையில் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர் ஒருவர் இருந்தது எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது.

முடிவு அன்று மாலையே வந்தது. தினேஷின் விடைத்தாள் செல்லாது. பூஜ்யம் கிடையாது, தவறு அவனுடையதல்ல. அந்த வாரம் வியாழக்கிழமையே புதிய தாள், வேறொருவர் தயாரித்து, வேறொருவர் மேற்பார்வை பார்த்து, வேறொருவர் திருத்துவார். அதில் தோற்றால் தோற்றதுதான், இன்னொரு வாய்ப்பு இல்லை. வகுப்பில் வேறு யாருக்காவது விருப்பமிருந்தால் அவர்களும் எழுதலாம், ஆனால் புதிய மதிப்பெண்தான் நிற்கும். என் கோப்பில் ஒரு கடிதம் ஏறியது. என்ன நடந்தது என்பதை வகுப்பில் நானே சொல்ல வேண்டும்.

"எழுதி வாசிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம். நின்னு சொல்லுங்க" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

ஒன்பதாம் வாரம் புதன்கிழமை. இருபத்து மூன்று பேரும் நேரத்துக்கு வந்திருந்தார்கள், தினேஷும்கூட. நான் திரையை இயக்கவில்லை, நோட்டை மட்டும் மேசைமேல் வைத்துக்கொண்டேன். நடந்ததையும் மறுதேர்வைப் பற்றியும் சொன்னேன். தமிழ் வாக்கியத்தைச் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். மூன்றாம் வாரம் அவன் தாமதமாக வந்தபோது சொன்னதைச் சொல்லலாமா என்று தினேஷைப் பார்த்தேன். அவன் தோளைக் குலுக்கினான். அதையும் சொன்னேன்.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"சார், இனிமே எங்களையும் தமிழ்ல திட்டுங்க லா. அப்பதான் ஃபேர்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். தினேஷ் சிரித்தான். கடினமான பகுதி முடிந்துவிட்டது என்று நினைத்து நோட்டைத் திறக்கப் போனேன். ஹுவி மின் கையைத் தூக்கினாள்.

"சார், ஒரு கேள்வி. அன்னைக்கு வேற யாராவது அப்படி எழுத வராம உக்காந்திருந்தா, அவங்ககிட்டயும் போயிருப்பீங்களா?"

"கண்டிப்பா போயிருப்பேன்."

"நான் அப்படித்தான் உக்காந்திருந்தேன்."

வகுப்பில் சிரிப்பு நின்றது.

"ரெண்டு இருபதுலேருந்து எனக்கு ஒண்ணும் வரல. முதல் கேள்வியிலயே மாட்டிக்கிட்டேன். நீங்க பின்னாடியிலிருந்து வந்தீங்க. என்னைத் தாண்டித்தான் அவன்கிட்ட போனீங்க. உங்க சட்டை என் மேசையில உரசிச்சு." குரலை உயர்த்தவில்லை. "நீங்க எங்கிட்ட பேசியிருக்கணும்னு சொல்லல. ரூல் எனக்குத் தெரியும். நீங்க என்னைப் பாத்தீங்களான்னு மட்டும் தெரிஞ்சுக்கணும்."

நோட்டைத் திறந்தேன். எட்டாம் வாரம் வியாழக்கிழமைப் பக்கம். இருக்கை வரைபடத்தில் மூன்றாம் வரிசை, நடைபாதை ஓரம், அவள் பெயர் என் கையெழுத்தில் அழகாக இருந்தது. அவள் வந்த நேரம் இருந்தது, ஒன்று ஐம்பத்திரண்டு. தாளைத் திருப்பிக் கொடுத்த நேரம் இருந்தது. நடுவில் ஒன்றரை மணி நேரம் வெறுமையாக இருந்தது.

முப்பது வருடத்தில் வகுப்பில் எத்தனையோ நெருக்கடிகளைப் பார்த்திருக்கிறேன். மாணவன் மயங்கி விழுந்திருக்கிறான், இரண்டு பேர் கைகலந்திருக்கிறார்கள், ஒருவன் நாற்காலியை எறிந்திருக்கிறான். அப்போதெல்லாம் செய்ய ஏதாவது ஒன்று இருந்தது. இங்கே செய்ய ஒன்றுமில்லை, பதில்தான் சொல்ல வேண்டும். நீ நன்றாகப் படிக்கிற பெண், உனக்கு ஒன்றுமிருக்காது என்று நினைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது பாராட்டுப் போலக் கேட்கும். உண்மையில் நான் அவளைப் பற்றி எதையும் நினைக்கவே இல்லை.

"இல்ல" என்றேன். "உன்னை நான் பாக்கல."

அவள் தலையாட்டினாள். எதையோ குறித்துக்கொள்வதுபோல மெல்ல ஆட்டினாள். அப்புறம், "ஓகே. நானும் வியாழக்கிழமை எழுதறேன்" என்றாள். அவளுக்கு முதல் தேர்வில் தேர்ச்சிக்குப் போதுமான மதிப்பெண் இருந்தது. அதை விட்டுவிட்டு வந்தாள். வேறு யாரும் கை தூக்கவில்லை.

அன்று மாலை தேக்காவுக்குப் போய்ச் சட்டையை வாங்கினேன். தினேஷின் அம்மா தைத்து மடித்து வைத்திருந்தார். சனிக்கிழமை பேச்சைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கூலியைக் கொடுத்தபோது, "நாளைக்கு எத்தன மணிக்கு சார்?" என்று மட்டும் கேட்டார். "ரெண்டு மணி" என்றேன். கடையின் சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு இயந்திரத்தில் உட்கார்ந்தார்.

மறுநாள் இரண்டு மணிக்கு என்னைத் தேர்வு நடக்கும் மாடிக்கே வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கீழே உணவகத்தில் ஒரு தேநீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாற்பதுக்கு என்னையறியாமல் கடிகாரத்தைப் பார்த்தேன். இப்போது அவன் பேனா மேசைமேல் கிடக்கிறதா, கையில் இருக்கிறதா? நான் சொன்ன ஒரு வாக்கியத்தால் ஒரு தாளை இழந்தவன், எந்த வாக்கியமும் இல்லாமல் மேலே உட்கார்ந்திருக்கிறான். அவளும் உட்கார்ந்திருக்கிறாள், இந்த முறையாவது யாராவது பார்க்கிறார்களா என்று தெரியாமல். தேநீர் ஆறி ஆடை கட்டியது. குடிக்காமல் எழுந்தேன்.

அடுத்த புதன்கிழமை, பத்தாம் வாரம், திருத்திய தாள்கள் என் மேசைக்கு வந்தன. உறையைப் பிரிக்க எனக்குத் தைரியம் வர ஐந்து நிமிடம் ஆயிற்று. ஹுவி மின்னுக்குப் பழைய மதிப்பெண்ணைவிடப் பதினொன்று கூடுதல். தினேஷ் தேர்ச்சி. இரண்டே இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில்.

அன்றைய வகுப்பில் தாள்களைக் கொடுத்தேன். வகுப்பு முடிந்து எல்லோரும் வெளியேறிய பிறகும் இருவரும் கதவருகே நின்று ஒருவர் தாளை மற்றவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பருவம் முழுக்க அவர்கள் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. ஆங்கிலத்தில்தான் கேட்டேன்.

"எந்தக் கேள்வியிலேருந்து ஆரம்பிச்ச?"

தினேஷ் வாயைத் திறந்தான், எந்த மொழி என்று ஒரு கணம் தயங்கியதுபோல் இருந்தது. பக்கத்தில் நின்றவளை ஒருமுறை பார்த்துவிட்டு ஆங்கிலத்திலேயே சொன்னான்.

"நாலாவது சார். மூணாவதைப் பாத்தேன், ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

"நான் மூணாவதுலேருந்துதான் ஆரம்பிச்சேன்" என்றாள் ஹுவி மின். "நீங்க சொன்னீங்களேன்னு. சும்மா டைம் போனதுதான் மிச்சம் லா, சார்."

இருவரும் சிரித்தார்கள். நான் நோட்டை எடுத்து நின்ற இடத்திலேயே எழுதினேன். என்ன எழுதுகிறேன் என்று ஹுவி மின் எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால் சத்தமாக வாசித்துக் காட்டி, ஆங்கிலத்திலும் சொன்னேன்: பத்தாம் வாரம், புதன், மணி நான்கு ஐந்து. தினேஷ் சொன்னது, ஹுவி மின் சொன்னது, ஒரு வார்த்தை விடாமல்.